வண்ணங்களோடு விளையாடிய நோயாளி

(ஆதரவாளர்களின் வருடாந்திரக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தியின் எழுத்து வடிவம்)



இந்தக் கூடுகையில் வழக்கமாக ஒரு வேதபகுதியை வாசித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவேன். இன்று ஒரு படத்திலிருந்து தொடங்க எனக்கு உத்தரவு தாருங்கள். வேதபகுதிக்குப் பிறகு வருகிறேன்.

நம் குழந்தைகள் வார்டின் வராந்தாவில் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. அதன் தேதிகள் எப்போதோ முடிந்துபோயின. படங்களுக்காகவே அதைக் கழற்றாமல் வைத்திருக்கிறோம். அதில் ஒரு படம் பூனையின் முகம். தாள் முழுவதையும் அந்த முகமே அடைத்துக்கொண்டிருக்கிறது. மூக்கின் நுனி சிவப்பாய், இருதய வடிவில் இருக்கிறது. இரண்டு கண்களுக்கும் மேலே, சரியாக நெற்றியில், ஒரு சின்னப் பறவை.

பேரனைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் அதன் முன்னால் நின்று என்னைக் கேட்டார்: "ஐயா, இது இங்க படுத்திருக்கிற பிள்ளைங்க யாராவது வரைஞ்சதா?"

"இல்லை பெரியவரே, இதை வரைந்தவருக்கு அப்போது ஐம்பதை எட்டும் வயது" என்றேன்.

"அந்த வயசுல இப்படியா வரைவாங்க?" என்று அவர் சிரித்தார். கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பேரன் சிரிக்கவில்லை. "பூனை பறவையை நினைச்சுக்கிட்டிருக்கு தாத்தா" என்றான்.

அந்தப் படத்தின் பெயர் 'பூனையும் பறவையும்'. 1928-ல் வரையப்பட்டு, இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்தவர் பால் க்ளே. பெரியவர் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. வளர்ந்த ஒரு மனுஷன், அதிலும் கஷ்டங்களைக் கண்ட ஒரு மனுஷன், ஏன் இப்படி விளையாட வேண்டும்? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

க்ளே 1879-ம் ஆண்டு சுவிட்சர்லாந்து தேசத்தில், பெர்ன் நகருக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இசை கற்பித்தவர். தாயார் பாடகி. பிள்ளையும் வயலினில் தேர்ந்தவன். சித்திரம் வரையக் கற்றுக்கொடுத்தவர் பாட்டி. அவர் வளர்ந்து, மியூனிக் நகரில் முறையாக ஓவியம் பயின்ற பிறகு, தாம் சிறுவனாக இருந்தபோது வரைந்த படங்கள் வீட்டில் கிடக்கக் கண்டார். நாமாயிருந்தால் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பக் கட்டி வைத்திருப்போம். அவரோ, 1911-ல் தம் படைப்புகளுக்கு ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியபோது, அந்தச் சிறுவயதுப் படங்களில் 18-ஐத் தெரிந்தெடுத்து, அவற்றையும் தம் படைப்புகளாகவே அதில் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் கட்டாயத்துக்கு வரைந்தவற்றைச் சேர்க்கவில்லை. தானாக வரைந்தவற்றையே சேர்த்தார்.

இதைக் கேட்டு, அவர் ஏதோ மனம்போன போக்கில் கிறுக்கியவர் என்று எண்ணிவிடாதீர்கள். 1921 முதல் பத்து ஆண்டுகள் ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில், முதலில் வைமாரிலும் பிறகு டெஸ்ஸாவிலும், ஆசிரியராக இருந்தார். பாடம் நடத்துவதற்காக அவர் எழுதி வைத்த குறிப்புகள் மாத்திரம் ஏறக்குறைய 3,900 பக்கங்கள். ஒரு புள்ளி அசையத் தொடங்கினால் கோடாகிறது, கோடு அசைந்தால் பரப்பாகிறது என்று அடிப்படையிலிருந்து கற்பித்தார். இந்த நிறத்துக்குப் பக்கத்தில் அந்த நிறம் வந்தால் கண்ணுக்கு என்ன நேரிடுகிறது என்று பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். சின்னச் சின்ன வண்ணச் சதுரங்களை மாத்திரம் அடுக்கி, வீடென்றும் மரமென்றும் சொல்ல முடியாத படங்களை வரைந்தார். பார்ப்பவருக்கு அவை பிள்ளைகள் கட்டைகளை அடுக்கி விளையாடியதுபோல் இருக்கும். ஆனால் பிள்ளைகளின் விளையாட்டைக் கூர்ந்து கவனித்திருக்கிறீர்களா? அவர்களைப்போல் விதியை மதிக்கிறவர்கள் ஒருவரும் இல்லை. பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதித்துவிட்டு "மிதிக்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்!

சரி, நல்ல நாளில் யாரும் விளையாடலாம். கெட்ட நாளில் என்ன செய்தார்? நமக்கு வேண்டியது அதுதான்.

முதலாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1914 ஏப்ரலில், க்ளே இரண்டு ஓவிய நண்பர்களோடு வட ஆப்பிரிக்காவின் துனீசியாவுக்குப் போய்வந்தார். அந்த வெயிலிலும் வெளிச்சத்திலும்தான் வண்ணம் தமக்குக் கைவந்தது என்று உணர்ந்தார். உடன் சென்ற இருவரில் ஒருவரான ஆகஸ்ட் மாக்கே அதே ஆண்டு செப்டம்பரில் போர்முனையில் இறந்தார். 1916 மார்ச்சில் இன்னொரு நெருங்கிய நண்பரும் ஓவியருமான ஃபிரான்ஸ் மார்க் வெர்டன் போரில் மடிந்தார். அதே மாதத்தில் க்ளேயும் ஜெர்மன் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். போர்முனைக்கு அனுப்பப்படாமல், விமானங்களுக்கு வர்ணம் பூசும் வேலையில் வைக்கப்பட்டார். விமான இறக்கைகளுக்குரிய துணியில் மிஞ்சிய துண்டுகளின்மேல் தம் படங்களை வரைந்தார்.

அந்த 1916-ம் வருஷத்தில் அவர் செய்த இன்னொரு காரியம் உண்டு. மகன் பெலிக்ஸின் ஒன்பதாவது பிறந்தநாளுக்காகக் கையில் மாட்டி ஆட்டும் பொம்மைகள் செய்தார். தொடர்ந்து 1925 வரை செய்த பொம்மைகள் சுமார் 50. அவற்றில் 30 இன்றும் இருக்கின்றன. விலையுயர்ந்த பொருள் எதையும் அவர் வாங்கவில்லை. மாவுபோல் குழைத்த பிளாஸ்டர், மாட்டெலும்பு, தீப்பெட்டி, மின்சார பிளக் மாட்டும் சாக்கெட், பழந்துணி, இவைதான். முதல் வருஷத்துப் பொம்மைகளில் ஒன்றின் பெயர் 'திருவாளர் மரணம்'. இதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நண்பர்களைக் கொண்டுபோன மரணத்தை அவர் வீட்டுக்குள் நுழையவிடாமல் கதவைச் சாத்தவில்லை. பொம்மையாக்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தார். மற்றப் பொம்மைகளோடு அதுவும் சேர்ந்து ஆடட்டும் என்று விட்டார். மரணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று தாய்மார் என்னிடம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொம்மை நினைவுக்கு வருகிறது.

அதற்குப் பின் இன்னும் கடினமான காலம் வந்தது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். க்ளேயின் வீடு சோதனையிடப்பட்டது. டூசல்டார்ஃப் கலைக்கழகத்தில் அவர் வகித்த பதவி பறிக்கப்பட்டது. அவ்வருஷ முடிவில் மனைவியோடு பெர்ன் நகருக்குத் திரும்பினார். 1937-ல் மியூனிக் நகரில் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஜனங்கள் பார்த்து ஏளனம் செய்வதற்காகவே நடத்தியது அது. அதில் க்ளேயின் படங்கள் 17 வைக்கப்பட்டன. ஜெர்மனியின் பொது அருங்காட்சியகங்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட அவருடைய படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. கம்பியின்மேல் நான்கு பறவைகள் உட்கார்ந்திருக்க, கைப்பிடியைச் சுழற்றினால் அவை கீச்சிடும் என்பதுபோல் வரைந்த 'கீச்சிடும் இயந்திரம்' என்ற படமும் அவற்றில் ஒன்று. ஆயுதபலம் மிகுந்த ஓர் அரசாங்கம் நான்கு சித்திரப் பறவைகளுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டளைக்குக் கீழ்ப்பட்டு மனுஷன் பல காரியங்களைச் செய்வான். ஆனால் கட்டளையிட்டு ஒருவனையும் விளையாட வைக்க முடியாது.

இதற்கிடையே 1935-ல் அவர் நோய்ப்பட்டார். முதலில் அம்மை என்று எண்ணினார்கள். உடல் தேறவேயில்லை. அவர் மரித்த பிறகே மருத்துவர்கள் அந்த நோயை ஸ்கிளிரோடெர்மா என்று கணித்தார்கள். நம் மருத்துவர்களுக்குத் தெரிந்த நோய்தான். தோல் தடித்து இறுகும். உள்ளுறுப்புகளும் அப்படியே இறுகும். உணவுக்குழாய் இறுகிப்போனதால் க்ளேயால் திட உணவை விழுங்க முடியவில்லை. பிறர் பார்க்கச் சங்கடப்பட்டுத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டார். தம் வியாதியின் பெயரை அறியாமலே அதைச் சுமந்த நோயாளி அவர். 'எனக்கு என்னதான் வியாதி ஐயா?' என்று கேட்கிற நோயாளியின் படுக்கையருகே நின்றவர்களுக்கு அந்தப் பாரம் புரியும்.

இனி நான் சொல்லும் எண்களைக் கவனமாய்க் கேளுங்கள். இவை அவரே எழுதிவந்த பட்டியலில் இருப்பவை. 1936-ம் ஆண்டு முழுவதிலும் அவர் செய்த படைப்புகள் 25 மாத்திரம். நோய் அவரைக் கீழே தள்ளிவிட்டது. 1937-ல் 264. 1938-ல் 489. 1939-ல் 1,253. ஒரு நாளைக்கு மூன்றுக்கும் மேல்! அவற்றில் பெரும்பாலானவை கோட்டுச் சித்திரங்கள். உடல் சுகமானதால் இப்படி நடந்தது என்று நினைக்காதீர்கள். சுகம் வரவேயில்லை. வண்ணம் அவர் நோயைக் குணமாக்கிற்று என்று நான் சொன்னால் அது பொய்ச்சாட்சி. நடந்தது வேறு. குணமான பிறகு விளையாடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

நோய்க்காலத்துப் படங்களைப் பார்த்தால், நோய் அவற்றில் தெரியவும் தெரிகிறது. கோடுகள் முன்போல் மெல்லியவை அல்ல. அடுப்புக்கரியால் இழுத்ததுபோல் தடித்துக் கறுத்திருக்கின்றன. 1938-ல் வரைந்த ஒரு பெரிய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சணல் துணியின்மேல் செய்தித்தாளை ஒட்டி அதன்மேல் வரைந்தது. இளஞ்சிவப்பும் இளம்பச்சையும் வெளிர்நீலமும் வசந்தகாலத்துத் தோட்டம்போல் பரவியிருக்க, நடுநடுவே அந்தக் கறுத்த கோடுகள் வளைந்து கிடக்கின்றன. மத்தியில் வெளிறிய ஒரு முகம். படத்துக்கு அவர் வைத்த பெயர் 'இன்சுலா துல்கமாரா'. இன்சுலா என்றால் லத்தீனில் தீவு. துல்கமாரா என்பது ஒரு செடியின் பெயர். நம் ஊர்த் தூதுவளைக்கும் கத்தரிக்கும் உறவான செடி. சிவந்த பழம் பழுக்கும், ஆனால் அது நஞ்சு. அந்தச் சொல்லின் அர்த்தமே இனிப்பும் கசப்பும் என்பதுதான். கசப்பை ஒளித்துவிட்டு இனிப்பை மாத்திரம் காட்டவும் இல்லை, கசப்பைக் காட்டுகிறேன் என்று இனிப்பைத் துடைத்துப்போடவும் இல்லை. இரண்டையும் ஒரே துணியின்மேல் வைத்தார்.

கடைசி இரண்டு வருஷங்களில் அவர் தேவதூதர்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். க்ளே நம்மைப்போல் ஆலயத்துக்குத் தவறாமல் போய்வந்த விசுவாசி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தூதர்கள் எனக்குப் பிரியமானவர்கள். படங்களின் பெயர்களைக் கேளுங்கள்: 'மறதியுள்ள தூதன்', 'மழலையர் பள்ளியில் தூதன்', 'தூதன், இன்னும் தட்டித் தடவுகிறான்', 'தூதன், இன்னும் அழகில்லை'. செட்டை முளைத்திருக்கிறது, ஆனால் பறக்கத் தெரியவில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு, எதற்காக அனுப்பினார்கள் என்பதையே மறந்துவிட்டு, வெட்கத்தோடு கண்ணைத் தாழ்த்தி நிற்கிறான் ஒருவன். இந்த 'இன்னும்' என்ற வார்த்தையைத்தான் நான் தியானிக்கிறேன். மரணத்துக்குச் சமீபமாயிருந்த ஒரு மனுஷன், 'எல்லாம் முடிந்தது' என்று எழுதவில்லை. 'இன்னும் ஆகவில்லை, இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது' என்று எழுதினார். அதையும் புன்சிரிப்போடு எழுதினார்.

1940 ஜூன் 29-ம் தேதி, சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில் லொகார்னோ அருகேயுள்ள ஒரு மருத்துவமனையில் அவர் மரித்தார். வயது 60. சுவிஸ் மண்ணிலேயே பிறந்தும், தகப்பனார் வழியில் அவர் ஜெர்மன் குடிமகன். சுவிஸ் குடியுரிமைக்காகச் செய்திருந்த விண்ணப்பம் முடிவாகும் முன்பே உயிர் பிரிந்தது.

பிரியமானவர்களே, இப்போது என் குற்றம் ஒன்றை அறிக்கையிட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் கால் முறிந்த பையன் ஒருவன் வார்டில் இருந்தான். காலை உயர்த்தி எடை கட்டியிருந்தார்கள். வாரக்கணக்கில் அப்படியே படுக்க வேண்டும். சிஸ்டர் ஒருவர் அவனுக்கு வண்ணப் பென்சில்கள் கொடுத்திருந்தார். தினமும் வரைந்தான். ஒரு நாள் ஜெபிக்கப் போன நான், குனிந்து பார்த்து, "என்ன தம்பி இது? யானையா?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. நான் விடாமல், "யானைக்கு ஏன் பச்சை அடிச்சிருக்கே?" என்றும் கேட்டேன். அவன் நோட்டை மூடித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டான். நான் ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அவன் வரையவில்லை என்று சிஸ்டர் சொன்னார். சீக்கிரத்தில் அவன் வீட்டுக்குப் போய்விட்டான். அது என்ன படம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அவனைத் திட்டவில்லை, அன்பாகத்தான் கேட்டேன். ஆனாலும் என்ன செய்தேன் என்று இப்போது விளங்குகிறது. அந்தப் படுக்கையில் அவனுடையது என்று சொல்ல அந்த நோட்டு ஒன்றுதான் இருந்தது. சாப்பாட்டு வேளை நம்முடையது. ஊசி போடும் வேளை நம்முடையது. விளக்கணைக்கும் வேளையும் நம்முடையது. அவன் காலைக்கூட நாம்தான் கட்டி வைத்திருந்தோம். அவன் இஷ்டப்படி பச்சையாக இருக்க அனுமதிக்கப்பட்டது அந்தத் தாளில் இருந்தது மாத்திரமே. அதிலும் போய் நான் கணக்குக் கேட்டேன்.

இப்போது வேதபகுதிக்கு வருகிறேன். சகரியா தீர்க்கதரிசியின் புத்தகம் 8-ம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் வாசியுங்கள். இடிந்து கிடந்த எருசலேமுக்குத் திரும்பிவந்த ஜனத்துக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு அது. நகரம் சுகமாகிவிட்டது என்பதற்கு என்ன அடையாளம்? 4, 5 வசனங்களில் தீர்க்கதரிசி காட்டுகிற அடையாளம் மதிலும் அல்ல, கோபுரமும் அல்ல. கையில் கோலை ஊன்றிய முதியவர்கள் தெருவில் உட்கார்ந்திருப்பார்கள். அதே தெரு விளையாடுகிற பிள்ளைகளால் நிறைந்திருக்கும். அங்கே விளையாட்டைக் குறிக்கும் எபிரெயச் சொல்லுக்குச் சிரித்தல் என்ற அர்த்தமும் உண்டு என்று இறையியல் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் சொன்னார். அன்று அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். கோலூன்றிய முதியவரும் சிறு பிள்ளையும் ஒரே வராந்தாவில், ஒரே காலண்டர் முன்னால் நின்றதைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

முடிப்பதற்குமுன் கொடுக்கிற கைகளாகிய உங்களுக்கு ஒரு செய்தி. பெர்ன் நகரின் ஓரத்தில், மூன்று அலைகள் எழுந்தாற்போன்ற ஒரு பெரிய கட்டடத்தில், க்ளேயின் சுமார் 4,000 படைப்புகள் பாதுகாக்கப்படுகின்றன. இத்தாலியக் கட்டடக்கலைஞர் ரென்ஸோ பியானோ வடிவமைத்த அந்தப் 'பால் க்ளே மையம்' 2005-ல் திறக்கப்பட்டது. க்ளேயின் மருமகள் தம்மிடமிருந்த படங்களைக் கொடுத்தார். கட்டடத்துக்குப் பெருந்தொகை கொடுத்தவர்கள் மௌரிஸ் முல்லர் என்ற எலும்பு அறுவைச்சிகிச்சை மருத்துவரும் அவர் மனைவி மார்த்தாவும். செயற்கை இடுப்பு மூட்டு, முறிந்த எலும்பைத் தகடு வைத்து இணைத்தல் ஆகியவற்றில் உலகமறிந்த முன்னோடி அவர். அந்த மையத்துக்குள் பிள்ளைகள் வந்து தங்கள் கையாலேயே வண்ணம் பூசி விளையாட ஒரு பகுதி இருக்கிறது. வாழ்நாளெல்லாம் மனுஷரை எழுந்து நடக்கப் பண்ணிய ஒரு மருத்துவர், நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஓடி விளையாட இடமும் வேண்டும் என்று அறிந்திருந்தார்.

ஆகையால் உங்களிடம் கேட்பது சிறிய காரியம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிப் போகிறோம். பிள்ளையாயிருந்தால் கூடவே ஒரு வண்ணப் பென்சில் பெட்டியும் வெள்ளைத்தாள் நோட்டும் வாங்கிப் போங்கள். பெரியவர்களுக்கும் கொடுத்துப் பாருங்கள். முதலில் வெட்கப்படுவார்கள், பிறகு வாங்கிக்கொள்வார்கள். வரைந்ததைக் காட்டினால் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். காட்டாவிட்டால் கேட்காதீர்கள். யானை பச்சையாயிருந்தால் இருக்கட்டும்.

இன்னும் தட்டித் தடவுகிற நம்மை ஆண்டவர் பொறுமையோடு கற்றுக்கொடுத்து நடத்துவாராக. அவருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.